இரண்டு சீட்டு, முப்பது நிமிடம்

டெல்ஃப் பி2 பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பல வகையினர் உண்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புக்குப் போய்வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம். பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் கடை வேலையை முடித்துவிட்டு, அதே அலுப்போடு மாலை வகுப்பில் வந்து உட்காரும் ஈழத்து அண்ணன்மாரும் அக்காமாரும் இன்னொரு பக்கம். 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவருக்கு பி2 நிலை கட்டாயமாகிவிட்டது. அதனால் பள்ளியை விட்டுப் பல ஆண்டு கழித்து மறுபடி நோட்டும் பேனாவும் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியாக வந்தாலும் பாடநூலில் ஒரு தலைப்பு எல்லோரையும் எதிர்கொள்கிறது: சமூகத்தில் பெண்ணின் நிலை. அந்தத் தலைப்புக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியது இந்த மடல்.

தேர்வு நடக்கும் விதம் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை கண்முன் கொண்டுவந்து பார்ப்பது நல்லது. தேர்வர் இரண்டு சீட்டு எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரிகைத் துணுக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். யோசித்துக் குறிப்பெழுத 30 நிமிடம். பிறகு உள்ளே போய் 5 முதல் 7 நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அது முடிந்ததும் 10 முதல் 13 நிமிடம் தேர்வாளரோடு வாதம். வாய்மொழிக்கு மொத்த மதிப்பெண் 25. தேர்வின் நான்கு பகுதியும் சேர்த்து 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது.

கவனித்தால் ஒன்று தெரியும். தனியாகப் பேசுவதைப் போல் இரண்டு பங்கு நேரம் வாதத்துக்குப் போகிறது. நம் பிள்ளைகள் பலரும் தயாரித்துக்கொண்டு போவதோ முதல் பங்குக்கு மட்டும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பழகிய கை அப்படித்தான் எழுதும்: பெண்கள் நாட்டின் கண்கள், பெண்கள் இன்று எல்லாத் துறையிலும் சாதிக்கிறார்கள், பெண் கல்வி அவசியம். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் தேர்வாளர், “எல்லாத் துறையிலும் என்கிறீர்களே, அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் அந்த உரைக்கு அடுத்த வரி கிடையாது. அங்கே நாக்கு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பிரெஞ்சு மொழி தெரியாததல்ல, சொல்வதற்குச் செய்தி இல்லாததுதான். நடந்தது என்ன என்று தெரிந்து வைத்திருப்பவர் இலக்கணத்தில் இரண்டு இடத்தில் தடுக்கினாலும் வாதத்தில் நின்று காட்டுவார்.

எனவே முதலில் செய்தி. வாக்குரிமையிலிருந்து தொடங்குவது எளிது, அதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

பிரான்ஸ் என்றால் 1789 புரட்சி, சுதந்திரம், சமத்துவம் என்று படித்திருக்கிறோம். அந்தப் புரட்சியின் நடுவிலேயே, 1791இல், ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண் ‘பெண்ணின், பெண் குடிமகளின் உரிமைப் பிரகடனம்’ எழுதினார். 1793 நவம்பரில் அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944 ஏப்ரல் 21 ஆணையில். முதன்முதலாக அவர்கள் வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 நகராட்சித் தேர்தலில். இடையில் 150 ஆண்டு. யாரும் கேட்காமல் இருந்ததால் அல்ல. 1919இலேயே மக்களவை 329க்கு 95 என்று பெண் வாக்குரிமைக்கு ஆதரவாக வாக்களித்தது. 1922இல் செனட் 156க்கு 134 என்று அதைத் தள்ளிவிட்டது. அதன்பின்னும் அது வழிவிடவில்லை. 1936இல் லெயோன் புளும் தன் அரசில் மூன்று பெண்களைத் துணை அமைச்சர்களாக்கினார். இரேன் ஜோலியோ-கியூரி அவர்களில் ஒருவர். அரசில் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு வாக்குச்சாவடியில் நுழைய உரிமை இல்லை. இரேனின் தாய் மரி கியூரி இரண்டு நோபல் பரிசு பெற்றவர். 1934இல் இறக்கும்வரை பிரான்சில் ஒருமுறைகூட வாக்களிக்க முடியவில்லை.

இதன் பக்கத்தில் நம் ஊர்க் கணக்கை வைத்துப் பாருங்கள். சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி என்ற வேலி இருந்ததால் மிகச் சிலருக்கே அது கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இலங்கையில் 1931இல் அந்த வேலியும் இல்லாமல், 21 வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு 14 ஆண்டு முன்பே யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் மட்டக்களப்புப் பெண்ணுக்கும் சட்டத்தில் அந்த உரிமை இருந்தது. ஈழத்திலிருந்து போய்த் தேர்வெழுதும் ஒருவர் இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், வாதத்தின் திசையே மாறிவிடும். பிரான்ஸ் முன்னேறிய நாடு, நாங்கள் பின்தங்கியவர்கள் என்ற எளிய கோடு அங்கேயே அழிகிறது. அதற்காக எதிர்க்கோடு போட்டுவிடவும் கூடாது. உரிமை எழுத்தில் வந்த ஆண்டு வேறு, அது வீட்டுக்குள் வந்த ஆண்டு வேறு என்று சொல்லத் தெரிந்தவர்தான் பி2 நிலைக்கு உரியவர்.

வீட்டுக்குள் என்றால் சிவில் சட்டத்தைத் தொடாமல் முடியாது. நெப்போலியன் காலத்தில், 1804இல் வந்த அந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்றது. 1938இல்தான் அது நீங்கியது. மணமான பெண் தன் சம்பளத்தைத் தானே செலவழிக்கும் உரிமையை 1907இல் பெற்றாள். கணவனின் அனுமதியின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் அவளுக்கு உரிமை தந்தது 1965 ஜூலை 13 சட்டம். உங்களில் சிலருடைய பாட்டியின் காலம் அது. பாரிசில் ஒரு பெண் டாக்டர், கணவன் தடுத்தால் தொழில் நடத்த முடியாது என்ற நிலை அதுவரை சட்டப்படி இருந்தது.

புதுச்சேரி மாணவர்களுக்கு இங்கே ஒரு சொந்தக் கதையும் உண்டு. 1881 ஆணையின்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1881இல் அவர்கள் ஏற்ற சட்டத்தில் இரண்டும் சேர்ந்திருந்தன: மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பிரிவும், தந்தை சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்ற பிரிவும். ஒரே சட்டம் மகளைத் தூக்கி வைத்தது, மனைவியைத் தாழ்த்தி வைத்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் மகளுக்குச் சமபங்கு வேண்டும் என்று 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அது சட்டமானது 1989இல். அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போன மகள்களுக்கு இல்லை. இந்தியா முழுமைக்கும் 2005. இப்படி ஒரு கதையைக் கையில் வைத்திருக்கும் புதுச்சேரி மாணவர் எதற்காக “பெண் கல்வி அவசியம்” என்று தொடங்க வேண்டும்?

கருக்கலைப்பு உரிமை பற்றிய துணுக்கு வந்தால் நம் மாணவர் தயங்குவது இயல்பு. வீட்டில் பேசாத விஷயம். ஆனால் பிரெஞ்சு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் இது நடுநாயகமாக நிற்கிறது. ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நீதிமன்றக் கதையாகத் தெரிந்துகொண்டால் பேசுவதும் எளிது.

1972. பாரிசை ஒட்டிய பொபினி நீதிமன்றம். மரி-கிளேர் என்ற 16 வயதுப் பெண்ணை அவளுக்குத் தெரிந்த ஒருவனே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான். கரு தரித்தாள். தாய் பாரிஸ் மெட்ரோவில் வேலை பார்த்தவர், தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். மகளுக்குக் கருக்கலைப்புச் செய்ய ஆள் தேடினார். அன்றைய சட்டப்படி அது குற்றம். வேறொரு வழக்கில் போலீசிடம் மாட்டிய அதே பையன் தான் தப்பிப்பதற்காக இவளைக் காட்டிக்கொடுத்தான். பெண்ணும் தாயும் உதவியவர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். வழக்கறிஞர் ஜிசேல் அலிமி அந்தச் சிறுமிக்காக மட்டும் வாதாடவில்லை; சட்டத்தையே கூண்டில் ஏற்றினார். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் ஜாக் மோனோவைச் சாட்சியாக அழைத்தார். அக்டோபர் 11 அன்று மரி-கிளேர் விடுதலை. அடுத்த மாதம் தாய்க்கு 500 பிராங்க் அபராதம் விதித்து, அதையும் நிறுத்திவைத்தது நீதிமன்றம். அந்தச் சட்டம் செத்துவிட்டது என்பது நாட்டுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1974 நவம்பர் 26, சுகாதார அமைச்சர் சிமோன் வேய் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றார். பதினாறு வயதில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டுத் தப்பிப் பிழைத்தவர் அவர். எதிரே 490 உறுப்பினர். அவர்களில் பெண்கள் 9. கருக்கலைப்பை அனுமதிக்கும் அவருடைய மசோதாவை நாஜிகளின் செயலோடு ஒப்பிட்டுப் பேசவும் சிலர் தயங்கவில்லை. மூன்று நாள் வாதத்துக்குப் பிறகு 284க்கு 189 என்று மசோதா நிறைவேறி, 1975 ஜனவரி 17இல் சட்டமானது. 2018இல் அவருடைய உடல் நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் பாந்தெயோனுக்குக் கொண்டுவரப்பட்டது. 2024 மார்ச் 4 அன்று வெர்சாய் அரண்மனையில் கூடிய இரு அவைகளும் 780க்கு 72 என்ற வாக்கில் அந்தச் சுதந்திரத்தை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தன.

இந்தியா கருக்கலைப்பை அனுமதித்தது எப்போது? 1971இல். பொபினி வழக்குக்கும் முன்பு. ஆனால் காரணம் வேறு. மக்கள்தொகைக் கட்டுப்பாடும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் போன உயிர்களும் இங்கே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. தீர்மானிக்கும் இடத்தில் டாக்டரை வைத்தது அது. பிரான்சில் பெண்ணே முடிவெடுப்பவர் என்று போராடி வாங்கினார்கள். ஒரே பலன், இரண்டு வேறு தர்க்கம். தேர்வாளர் “உங்கள் நாட்டில் எப்படி?” என்று கேட்டால் இதைவிடக் கனமான பதில் கிடைப்பது கடினம்.

இந்தத் தலைப்பில் உங்கள் சொந்தக் கருத்து எதுவாகவும் இருக்கலாம். தேர்வாளர் மதிப்பெண் போடுவது கருத்துக்கல்ல. அதை எடுத்துவைத்துக் காப்பாற்றும் திறமைக்கு. மதநம்பிக்கை காரணமாக எதிர்க்கருத்து உள்ளவர் அதை நாகரிகமாக, காரணத்தோடு சொல்லலாம். ஆனால் மேலே உள்ள வரலாறு தெரியாமல் சொன்னால் எடுபடாது.

இனி ஊதியம். உழைத்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் இதில்தான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, தனியார் துறையைப் பற்றி 2022ஆம் ஆண்டுக்கு மூன்று எண்களைத் தருகிறது. பெண்களின் சராசரி ஆண்டுச் சம்பள வருமானம் ஆண்களைவிட 23.5 சதவீதம் குறைவு. வேலை நேரத்தைச் சமமாக்கிப் பார்த்தால் 14.9 சதவீதம் குறைவு. ஒரே நிறுவனத்தில் ஒரே பணியில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் சுமார் 4 சதவீதம்.

மூன்றும் உண்மை. மூன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை. முதல் எண், வருட முடிவில் பெண்ணின் கைக்கு வந்து சேரும் பணத்தைச் சொல்கிறது. பகுதிநேர வேலை பார்க்கிறவர்களில் பெண்களே மிகுதி என்பது அதற்குள் இருக்கிறது. இரண்டாவது எண்ணில் அந்த நேர வித்தியாசம் நீங்கிவிடுகிறது. ஆனால் பெண்கள் எந்தத் தொழில்களில் குவிந்திருக்கிறார்கள், மேலதிகாரி நாற்காலியில் எத்தனை பேர் என்ற வித்தியாசம் இருக்கிறது. மூன்றாவதில் அதுவும் போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் 4 சதவீதத்துக்கு வேலையும் நேரமும் விளக்கம் தருவதில்லை.

“ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு 23.5 சதவீதம் குறைவாகக் கொடுக்கிறார்கள்” என்று ஒரு மாணவர் சொன்னால் அது பிழை, விவரம் தெரிந்த தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். “வெறும் 4 சதவீதம்தானே, பெரிதில்லை” என்று இன்னொருவர் சொன்னால் அதுவும் போதாது. குழந்தை பிறந்ததும் பகுதிநேரத்துக்கு மாறுபவர் ஏன் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார்? முதியோர் பராமரிப்பும் துப்புரவும் ஏன் குறைந்த சம்பளத் தொழில்களாக இருக்கின்றன, அவற்றில் ஏன் பெண்களே நிறைந்திருக்கிறார்கள்? பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஊதிய இடைவெளியும் கூடுகிறது என்று அதே இன்சே காட்டுகிறது. பாரிசில் அலுவலகங்களும் ஓட்டல்களும் துடைத்துக்கொண்டே வகுப்புக்கு வரும் அக்காமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வாழ்வதே இரண்டாவது எண்ணுக்குள்.

ஆகவே ஓர் எண்ணை மனப்பாடம் செய்தால் போதாது; அது எதை அளக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஊதியத் துணுக்கு வந்தால் மூன்று எண்ணையும் அடுக்கி விளக்குவதற்கே நான்கு நிமிடம் போய்விடும், அதுவும் ஒழுங்கான நான்கு நிமிடம். கூடவே 2016 நவம்பர் 7 மாலை 4.34 மணியை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம் பெண்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்று கணக்குக் காட்டிய ஒரு பெண்ணியச் செய்திமடல், அந்த நிமிடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னது. ஒரு புள்ளிவிவரத்தைக் கடிகார நேரமாக மாற்றியதால் நாடே அதைப் பேசியது. நம் ஊர் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கூலி இருப்பதை வயலோரம் வளர்ந்தவர்கள் அறிவார்கள். 1976இலேயே சம ஊதியச் சட்டம் போட்ட நாடு இந்தியா என்பதோடு அதைச் சேர்த்துச் சொல்லலாம்.

எண்களைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ஆண்டுகளையும் சதவீதங்களையும் பிரெஞ்சில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 1975 என்பதை ‘மில் நெஃப் சான் சுவாசான்த் கேன்ஸ்’ என்று, அறுபதோடு பதினைந்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும். 1990களோ நான்கு இருபதுகளோடு பத்தைக் கூட்டும் கணக்கு. தாளில் எண்ணாக எழுதி வைத்ததை வாயால் சொல்லும்போது நன்றாகப் படித்த பிள்ளைகளும் அங்கே தடுமாறி, அதுவரை கட்டிய வேகத்தை இழந்துவிடுகிறார்கள்.

ஒதுக்கீடு பற்றிய துணுக்கு வந்தால் தமிழ் மாணவருக்கு அது பழகிய களம். பிரான்சில் அதற்குப் பெயர் ‘பாரித்தே’, ஆணும் பெண்ணும் சரிபாதி. 1945இல் அரசியல் நிர்ணய சபைக்கு 33 பெண்கள் தேர்வானார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 1993 தேர்தலில், 577 இடத்தில் பெண்கள் 35. தானாக மாறும் என்று காத்திருந்ததன் பலன் இரண்டு பேர். 1999இல் அரசமைப்பைத் திருத்தி, 2000இல் பாரித்தே சட்டம் கொண்டுவந்தார்கள். 2017இல் எண்ணிக்கை 224 ஆனது. அடுத்த இரண்டு தேர்தலிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஏன் சரிபாதியை எட்டவில்லை என்பதில்தான் சுவை இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் சரிபாதிப் பெண்களை நிறுத்தாத கட்சிக்கு அரசு நிதியில் வெட்டு விழும், அவ்வளவுதான். பெரிய கட்சிகள் சில அந்த வெட்டைத் தாங்கிக்கொண்டு ஆண்களையே அதிகம் நிறுத்தின. மாவட்ட மன்றத் தேர்தலில் அப்படித் தப்பிக்க வழியில்லை: 2015 முதல் ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகத்தான் போட்டியிட முடியும். அதுவரை சுமார் 14 சதவீதமாக இருந்த பெண்கள் ஒரே தேர்தலில் சரிபாதியானார்கள். “ஒதுக்கீடு தகுதியைக் கெடுக்காதா?” என்று தேர்வாளர் சீண்டினால், 1945க்கும் 1993க்கும் இடையில் 48 ஆண்டு தகுதியுள்ள பெண்கள் இல்லாமலா போனார்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

நம் பக்கமும் இதே பாடம்தான். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் ஆனது. மேயர் நாற்காலிகளிலும் ஊராட்சித் தலைவர் நாற்காலிகளிலும் பெண்கள் வந்தார்கள். ஒதுக்கீடு இன்னும் நடைமுறைக்கு வராத மக்களவையில், 2024 தேர்தலில் 543 பேரில் 74 பெண்கள். ஊராட்சித் தலைவியின் பெயரில் கணவர் அதிகாரம் செய்யும் வழக்கத்தையும் மறைக்க வேண்டாம். “செர்த்” (உண்மைதான்) என்று தொடங்கி அந்தக் குறையை ஒப்புக்கொண்டு, “ஆன் ரெவான்ஷ்” (மாறாக) என்று திரும்பி உங்கள் வாதத்துக்கு வாருங்கள். எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்பவரின் வாதம் பலமாகத்தான் நிற்கும்.

வீட்டு வேலை பற்றி வந்தால் 2017இல் எம்மா என்ற ஓவியர் வரைந்த ‘ஃபாலே தெமாந்தே’ என்ற சித்திரக்கதையைச் சொல்லுங்கள். கேட்டால் செய்திருப்பேனே என்று கணவன் சொல்கிறான். என்ன செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை என்று கதை காட்டுகிறது. 2021 ஜூலை முதல் பிரெஞ்சுத் தந்தையருக்குக் குழந்தை பிறந்ததும் 28 நாள் விடுப்பு உண்டு. தமிழ்நாடு 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாகக் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதை உதவி என்னாமல் உரிமை என்று அரசு அறிவித்தது. பணம் கொடுப்பதா, வேலையை ஆணோடு பகிர்வதா? இரண்டு நாட்டின் இரண்டு வழியை எதிரெதிரே வைத்தால் வாதம் தானாக நடக்கும்.

இன்னொரு தலைப்பு கடினமானது. 2024 செப்டம்பரில் அவிஞோன் நீதிமன்றத்தில் தொடங்கிய ஜிசேல் பெலிகோ வழக்கு. கணவரே மயக்க மருந்து கொடுத்து, பல ஆண்டுகள் அந்நிய ஆண்களை வீட்டுக்கு அழைத்து மனைவியை வன்முறைக்கு உள்ளாக்கினார். மூடிய அறையில் விசாரிக்கலாம் என்ற வாய்ப்பை ஜிசேல் மறுத்தார். வெட்கப்பட வேண்டியது தான் அல்ல என்பதை நாடே பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்தார். டிசம்பர் 19 அன்று 51 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கணவருக்கு 20 ஆண்டு சிறை. 2025 நவம்பரில் பிரான்ஸ், சம்மதமின்மையையே அடிப்படையாக வைத்து பாலியல் வன்முறைக்கான சட்ட வரையறையைத் திருத்தியது. இந்தியச் சட்டத்தில், மனைவி 18 வயதைக் கடந்தவரென்றால் கணவனுக்கு இன்றும் விலக்கு இருக்கிறது. நம் நாட்டைப் பற்றி இப்படி ஓர் உண்மையை அந்நிய மேசையில் சொல்வதில் தவறேதுமில்லை. தெரிந்து சொன்னால் அது நேர்மை.

இந்தத் தலைப்புகள் உங்களில் சிலருடைய சொந்த வாழ்க்கையைத் தொடும். கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தியவர்கள், வேலைக்குப் போக அனுமதி கேட்டுக் காத்திருந்தவர்கள், அடி வாங்கியவர்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். தேர்வு கேட்பது கருத்தை மட்டும். சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தேர்வாளர் கேட்டாலும், பொதுவான உதாரணத்தையே சொல்ல விரும்புகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. பிரான்சில் இருப்பவர்கள் வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கான 3919 என்ற இலவச உதவி எண்ணையும் அறிந்து வைத்திருங்கள், தேர்வுக்காக மட்டுமல்ல.

ஆண் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பெண்களின் தலைப்பு என்று நினைத்து அடுத்த சீட்டுக்குத் தாவுவது வழக்கமாக இருக்கிறது. 1944 மார்ச்சில் அல்ஜியர்சில் கூடிய பிரெஞ்சு ஆலோசனை சபையில் பெண் வாக்குரிமைத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் பெர்னான் கிரெனியே என்ற ஆண். அது 51க்கு 16 என்று நிறைவேறியது. பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்டு எழுதியவர் பெரியார். இந்தப் பேச்சில் ஆண்களுக்கு இடம் எப்போதும் இருந்திருக்கிறது.

ஒத்திகைக்கு மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் தேர்வர், ஒருவர் தேர்வாளர், ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்பவர். தேர்வாளராக இருப்பவர் தலையாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஆனால்” என்று தொடங்கி மறுக்க வேண்டும். 30 நிமிடத் தயாரிப்பில் முழு வாக்கியம் எழுத விடாதீர்கள். எழுதினால் அறையில் வாசிக்கத் தோன்றும், வாசித்தால் மதிப்பெண் போகும். தாளில் உங்கள் நிலைப்பாடு ஒரு வரி, இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டோ ஓர் எண்ணோ ஒரு பெயரோ, கடைசியில் எதிராளி சொல்லக்கூடிய மிகப் பலமான மறுப்பு ஒன்று. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் எல்லாவற்றையும் படித்து முடிக்க நேரமில்லாதவர்கள், ஊதியத்தையும் பாரித்தேயையும் மட்டுமாவது ஊன்றிப் படித்துவிட்டுப் போகலாம். பதின்மூன்று நிமிட வாதத்துக்குத் தீனி போட அந்த இரண்டே போதும்.